ஸ்ரான்லி வீதி விலை

சூரிச்சில் ஆயிரத்து எழுநூறு பிராங்.
ஸ்ரான்லி வீதியில், பத்திநாதர் கடையில்
ஏழு லட்சத்துப் பதினையாயிரம்.
தோள்பையும் மெமரிக் காட்டும் சும்மா தருவார்,
ஒரு வருச வாறண்டி,
கேட்டால் பிளேன்ரீயும்.

மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில்
பெருக்கிப் பார்த்தேன்.
இடையில் எண்பத்தாறாயிரம்.
ஒரு சாமத்தியவீட்டு அல்பம்,
பிள்ளையின் மாமன்மார் பேரம் பேசாவிட்டால்.

"இஞ்ச வாங்கி ஏமாறாதை,"
குகநேசண்ணாவின் குரல் பதிவு,
பின்னால் ட்ராம் ஓடுகிறது.
"திருவிழாவுக்கு வரேக்கை கழுத்தில போட்டுக்கொண்டு வாறன்.
கழுத்தில கிடக்கிறதை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."
கட்டுநாயக்காவில் அவர் கழுத்து
எனக்காகச் சுற்றுலாப் பயணியாகும்.
கூடவே நிறஞ்சினி அண்ணியின் பட்டியல்:
வறுத்த தூள் ஐந்து கிலோ,
ஒடியல் மா, மோர்மிளகாய்,
காணிக்கு வேலி அடைச்சாச்சோ எண்டு
ஒருக்காப் போய்ப் படம் எடுத்து அனுப்பு.

வேலியைப் படம் எடுத்தது
டிலக்சனின் இரவல் கமராவில்.
நாளுக்கு ஐயாயிரம்.
கொண்டாவிலில் தாலி ஏறும் நொடியில்
ஒரு தரம் இருமிவிட்டு நின்றது.
கெட்டிமேளம் நிற்கவில்லை.
ஐயரிடம் "இன்னொருக்கா" என்று கேட்க முடியுமா?
கேட்டேன்.
மாப்பிள்ளை சிரித்தார்,
பெண்ணின் தாய் சிரிக்கவில்லை.
மிச்சக் காசு இன்னும் வரவில்லை.

பத்திநாதர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.
"தங்கச்சி, பிடிச்சுப் பாரும்."
ஒரு கிலோ சீனிக்குக் கொஞ்சம் குறைவு.
அடியைத் திருப்பினேன்:
தாய்லாந்தில் செய்தது.
குகநேசண்ணாவுக்கும் அது வெளிநாடு.
ஆருடைய ஊர்ச் சாமானுக்கோ
நாங்கள் ஊர் பிரித்துக்கொண்டு நிற்கிறோம்.

மண் போனால்? என்று கேட்டேன்.
மணற்காட்டில் படம் எடுக்காமல்
இப்போது ஒரு சோடியும் கலியாணம் கட்டுவதில்லை.
சவுக்குகளுக்கு இடையில் கைகோத்து ஓடுவார்கள்,
நான் லென்ஸ் மாற்றுகிற நேரம் பார்த்துக்
காற்று வரும்.
"கொழும்புக்கு அனுப்புவம். மூண்டு கிழமை."
கொஞ்சம் யோசித்து,
"நாலும் ஆகும்."
சூரிச்சில் வாங்கினால்
அடுத்த ஆவணிக்கு யாரோ லீவு எடுக்கும் வரை
மண் உள்ளேயே இருக்கும்.

பில்லின் பின்பக்கத்தில் எழுதாதது ஒன்று:
இனி எந்த வீட்டு விருந்திலும்
"குகநேசன் வாங்கிக் குடுத்த கமரா" என்று
பாயாசத்துக்கு முன்னால் பரிமாறுவார்கள்.
அண்ணா நல்லவர், அவர் சொல்லமாட்டார்.
மற்றவர்கள் சொல்வார்கள்.
அவர் மகளின் சாமத்தியவீட்டை
இலவசமாக எடுக்கவேண்டி வரும்.
எப்படியும் இலவசமாகத்தான் எடுப்பேன்.
ஆனால் நானாக எடுப்பேன்.

"என்னை எடாதையும், ரோட்டை எடும்."
எடுத்தேன்.
எதிரே டயர் கடை வாசலில் ஒரு பொடியன்
பல்லிடுக்கில் நட்டைக் கடித்துக்கொண்டு
ஜக்கி மிதிக்கிறான்.
பெரிதாக்கினால்
நகத்துக்குள் கிறீஸ் தெரிந்தது.
டிலக்சனின் கமராவில்
கை முழுவதும் ஒரு கறுப்புப் பொட்டு.

என்னிடம் இருப்பது நாலரை லட்சம்.
சீட்டு ஐப்பசியில் விழும்,
விழுந்தால்.
"மிச்சத்தை ரெண்டு கலியாணத்தில தாரும்.
ஆற்றை கலியாணம் எண்டு எழுதும்."
நீளக் கொப்பியில் எழுதினேன்:
உரும்பிராய், ஆர்த்திகா – கபிலேஷ்.
அரியாலை, இன்னும் நாள் வைக்கவில்லை.
பத்திநாதர் வாசித்துவிட்டு
"சாதகம் பொருந்தீட்டுதோ?" என்று
மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
பொருந்தும் என்றேன்.
எனக்கு எப்படித் தெரியும்?

பஸ் நிலையத்தில் நின்று பதிவு அனுப்பினேன்:
அண்ணா, கமரா வேண்டாம்.
வரேக்கை பாரம் குறைஞ்ச ட்ரைபொட் ஒண்டு.
காசு தருவன்.
ஹோர்ன் சத்தத்தில் கேட்டிருக்காது என்று
இன்னொரு தரம், காசு தருவன்.

பை மடியில் இருக்கிறது.
சந்தைக்குப் போய் ஐந்து கிலோவுக்குச்
செத்தல் வாங்கவேண்டும்.