இருபத்திரண்டு டிகிரி

தை மாதம், இரவு இரண்டு மணி.
கச்சனம் ரைஸ் மில்லில் மூன்றாம் ஊறல் தொட்டி
எழுபது டிகிரியில் நிற்க வேண்டும்.
திரையில் இருபத்திரண்டு.

நீராவி வால்வு முழுக்கத் திறந்திருந்தது.
பாய்லருக்கு உமி தள்ளிக்கொண்டே ஜெகபர்
'நெல்லுக்கு இன்னிக்குக் குளிர் விடல போலிருக்கு' என்றார்.
நானும் சிரித்தேன்.

கன்ட்ரோலருக்கு மூன்று குணம்.
இப்போது எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் ஒன்று.
இதுவரை குறைந்ததையெல்லாம் கூட்டி வைக்கும் இன்னொன்று,
சீரில் விட்டுப்போன எவர்சில்வர் குடத்தை
இருபது வருஷமாய் மறக்காத நாத்தனார் மாதிரி.
மூன்றாவது, போகிற வேகத்தைப் பார்த்தே பயப்படும்;
சின்னச் சலசலப்புக்கும் வால்வைப் போட்டு அடிக்கிறதென்று
அதை நான் எப்போதோ அணைத்துவிட்டேன்.

அன்றிரவு நாத்தனார்
நாற்பது நிமிடம் கணக்கு எழுதினாள்.
நாற்பத்தெட்டு டிகிரி பாக்கி.
நாற்பத்தெட்டு டிகிரி பாக்கி.
வால்வில் இதற்குமேல் திறக்க இடமில்லை,
பாக்கி மட்டும் ஏறியது.

கம்பி அறுந்திருந்தால் பிழைத்திருப்போம்.
நாலு மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் சைரன் அலறும்.
எங்கள் தொழிலில் பூஜ்யம் என்று சொல்லவும் நாலு வேண்டும்;
ஒன்றுமே வராவிட்டால்
சொல்கிறவன் போய்விட்டான் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் வைரக்கண்ணு முள்ளியாற்றில் லஸ்கர்.
சொட்டுத் தண்ணீர் இல்லாத சித்திரையிலும்
காலை ஆறு மணிக்கு மதகு ஸ்கேலைப் பார்த்து
'பூஜ்யம்' என்று ஆபீசுக்கு மெசேஜ் போடுவார்.
காய்ந்த மணலைப் பார்க்க எதற்கு நாலு கிலோமீட்டர் சைக்கிள் என்று
கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன்.

கம்பி அறவில்லை.
ஏழரை மில்லி ஆம்பியர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.
ஏழரை என்றதும் எனக்குத் தட்டியிருக்க வேண்டும்.

மூக்குதான் முதலில் சொன்னது. சோறு வேகிற வாசம்.
ஏணியில் ஏறினால்
எட்டு டன் நெல் வாய் பிளந்து
தளதளவென்று கொதிக்கிறது.
கைப்பிடிக் கம்பியில் பச்சை ஒயரால் கட்டி,
நுனியில் ஒரு துளி தேங்கி,
வெளியே தொங்குகிறது சென்சார்.

அது பொய் சொல்லவில்லை.
கச்சனத்துப் பனியை அரை டிகிரி பிசகாமல் அளந்தது.
தொட்டி என்று நம்பியது நாங்கள்.

விடிந்ததும் முதலாளி பிகாஷைக் கூப்பிட்டார்.
தொட்டி கழுவும் பையன், ஒடிசா.
'ஏன்டா கழட்டுன?'
கழட்டுன என்ற வார்த்தை அவனுக்குத் தெரியாது.
தலையை ஆட்டினான், ஆமாம் என்கிற பக்கமாக.

கழற்றியது நான்.
ஐஸ் தண்ணீரில் பூஜ்யம், கொதிநீரில் நூறு
வருகிறதா என்று பார்க்கச் சாயந்திரம் கழற்றினேன்.
போன் வந்தது. கட்டிவிட்டு இறங்கினேன்.

மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால்
எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வரப் பத்து நாளாகும்.
வரவில்லையே என்று நடுவில் இன்னும் தூக்கினால்
பதினோராம் நாள் கரை நிற்காது.
இந்த இடைவெளிக்குப் பாடத்தில் செத்த நேரம் என்று பெயர்.
எங்கள் ஊரில் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம்.
அன்று என் நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவே
இரண்டில் எது ஓடியதென்று தெரியவில்லை.
பிகாஷின் ஒரு வாரக் கூலியை
முதலாளி வாயாலேயே கழித்து முடித்திருந்தார்.

'செத்த நேரம் இருங்க' என்றேன்.
லாக் புத்தகத்தை இழுத்து எழுதினேன்:
மூன்றாம் தொட்டி. சென்சார் வெளியே. காட்டியது 22.
கழற்றியவர், வை. தமயந்தி.

முதலாளி படித்தார். ஒன்றும் சொல்லவில்லை,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிகாஷ் எட்டிப் பார்த்தான்.
எழுத்து புரியவில்லை, எண் புரிந்தது.
22-ஐ விரலால் தொட்டான்.
பிறகு களத்தில் படுத்தெழுந்த தன் போர்வையை
என் முன்னால் பிழிந்து காட்டினான்.