அரைப் பேர்

ஹட்டனில் சனிக்கிழமை வகுப்பு.
கீழே இரும்புக்கடை, மேலே நாங்கள் பதினான்கு பேர்.
தகரம் வெட்டும் சத்தம் எழும்போதெல்லாம்
சட்டத்தரணி நெலும் மிஸ் பேச்சை நிறுத்துவார்.
வெட்டி முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.
அவர் தமிழில் 'ழ' கிடையாது,
வழக்கெல்லாம் 'வலக்கு'.
இரண்டாம் வாரத்தோடு சிரிப்பதை விட்டோம்.
எங்கள் சிங்களத்துக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

முதல் பாடம்: கண்டது வேறு, கேட்டது வேறு.
மழை கொட்டோகொட்டென்று கொட்டியது என்று எழுதினேன்.
சிவப்புப் பேனா கோடு கிழித்தது.
மழை பெய்தது. எத்தனை மணிக்கு?
ஈவிரக்கமில்லாமல் விரட்டினார்கள் என்று எழுதினாள்
டன்சினனிலிருந்து வரும் புஷ்பமலர்.
கோடு.
யார்? எந்தத் தேதி? கடிதம் கையில் இருக்கிறதா?
அன்றைக்கு பஸ்ஸில் நின்றபடி,
என் கதையில் அடித்துப்போட எத்தனை சொல் தேறும் என்று
எண்ணிக்கொண்டே வந்தேன்
கொட்டகலை தாண்டும்வரை.

நான்காம் வாரம் சத்தியக் கடதாசி.
ஓர் ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால்
இருவரும் ஒருவரே என்று எழுதுவது எப்படி,
இதுதான் வீட்டுவேலை.
அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
பிறப்புச் சான்றிதழில் அங்கம்மாள்.
அடையாள அட்டையில் ரெங்கம்மா.
சேமலாப நிதி அட்டையில், சிங்களத்தில்,
எழுத்துக்கூட்டினால் அங்கமா.
மூன்று பேரும்
ஒரே முழங்கால் வலியோடு
அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் பேர் என்றால் நாள்.
பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு முழுப் பேர்.
பதினேழரை என்றால் அரைப் பேர்,
கொழுந்து போனது போனதுதான்.
நெலும் மிஸ்ஸுக்கு இதை விளக்கிச் சொல்ல
அரைமணி நேரம் பிடித்தது.
பிறகு அவர்
கீழே தகரச் சத்தம் இல்லாமலே
சும்மா நின்றார்.

கடைசி மாதம் களப்பயிற்சி.
எங்கள் தோட்டத்து வாசிகசாலையில்
கேரம் போர்டை நகர்த்திவிட்டு
மேசை போட்டேன்.
முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்
பழைய கணக்கப்பிள்ளை ஆரோக்கியசாமி.
முப்பத்துநாலு வருடச் சேவை.
பணம் கொழும்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது.
நிதிக்காரர்களின் ஏட்டில் அவர் வெறும் ஆரோக்கியம்,
சாமி இல்லை.
"பாதிப் பேரத்தான் போட்டிருக்கானுக மகள்" என்றார்.

பேனா மூடியைக் கழற்றினேன்.
திரும்ப மூடினேன்.

கண்டதா, கேட்டதா?
அரைப் பேர் கதையெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது.
கண்டது ஒரே ஒருமுறை:
ஈரக் கழிவு என்று சொல்லி
அம்மாவின் கொழுந்தில் நாலு கிலோவை
இவர் குறைத்து எழுதியது.
எனக்கு ஒன்பது வயதிருக்கும்.
தேதி தெரியாது.
கடிதம் எதுவும் இல்லை.

எழுதினேன்.
கத்தோலிக்கர், ஆகவே
உறுதி கூறுகிறேன் அல்ல, சத்தியம் செய்கிறேன்.
ஆரோக்கியம் என்பவரும்
ஆரோக்கியசாமி என்பவரும்
ஒருவரே, அது நானே.
ஐந்து பந்தி.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வரிவரியாக நகத்தால் தடவி வாசித்தார்,
அந்தக் காலத்துச் செக்ரோலை வாசித்த மாதிரியே.
மூன்றாம் பந்தியில் நகம் நின்றது.
"ஒரு எழுத்து கொறையுது."
பார்த்தேன். குறைந்துதான் இருந்தது,
ஆரோகியசாமி என்று,
ஒரு 'க்' இல்லாமல்.
வேண்டுமென்று விடவில்லை.
அதற்கும் சாட்சி கிடையாது.

அடித்துத் திருத்தினால் செல்லாது.
புதுத் தாள் எடுத்து
முதலிலிருந்து எழுதினேன், முழுப் பேராக.
எவ்வளவு என்று சட்டைப்பையைத் தொட்டார்.
காசு வாங்கக் கூடாது, சட்டம், என்றேன்.
சமாதான நீதவான் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார், ஓடுங்கள்.

தாளைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடினார்.
மழை பெய்தது.
மணி இரண்டு நாற்பது.