குட்டு

தில்லிக்கு வந்த பதினோராம் வருடம்
குழாயை உள்ளே விட்டுப் பார்த்த டாக்டர்
படத்தைத் திருப்பிக் காட்டினார்.
"இங்கே கம்பளம் மாதிரி இருக்கணும்.
உங்களுக்குச் சிமென்ட் தரை."
கோதுமை கூடாது, பார்லி கூடாது,
ரவை, மைதா, சேமியா எதுவும் கூடாது,
ஒரு தூசிகூட, ஆயுசுக்கும்.
ஆஸ்பத்திரி வாசலில்
பதினான்கு பேர் நின்றபடி
சோலே பட்டூரே தின்றுகொண்டிருந்தார்கள்.
எண்ணினேன்.

"மதராஸிதானே, உனக்கென்ன கவலை?"
ஆபீஸில் சுக்விந்தர் சொன்னாள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
இட்லி, சாம்பார், ரசம் என்று
ஆறு மாதம் மார்தட்டினேன்.
முடி கொட்டுவது நிற்கவில்லை.
லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு
இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி
பெருங்காய டப்பாவின் முதுகைப் படித்தேன்:
பிசின், எண்ணெய்,
கோதுமை மாவு.

அடப்பாவி,
அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாய்.

அன்றிலிருந்து அறவாழி
சிகரெட் பிடிப்பவனைப் போல
பால்கனியில் ஒளிந்து நின்று பிரெட் தின்கிறான்.
துகளைப் புறாக்களுக்குத் தட்டிவிட்டு
வாய் கொப்பளித்து, கை அலம்பி
உள்ளே வருகிறான்.
நான் சொன்னதில்லை.
கல்யாண வீடுகளில் என் தட்டில்
மூன்று வெள்ளரித் துண்டும் ஒரு சிரிப்பும்.

பிறகு நவராத்திரி வந்தது.
பக்கத்து வீட்டு மித்லேஷ் சொன்னாள்:
விரதம், ஒன்பது நாள் கோதுமை தொடக்கூடாது,
குட்டு மாவு, சிங்காடா மாவு, சாமை, ஜவ்வரிசி.
கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டேன்.
ஒரு ஊரே ஒன்பது நாள்
என் டாக்டர் பேச்சைக் கேட்கிறது!

குட்டு.
எங்கள் பக்கம் அது தலையில் விழுவது.
முனிர்கா மாவு மில்லில் பிரேம்பால்
கல்லைக் கழுவிக் காயவைத்து
முதலில் அரைத்த இரண்டு கிலோவைப் பசுவுக்கு ஒதுக்கி
மூன்றாம் கிலோவிலிருந்து எனக்கு அளந்தான்.
விரலுக்கொரு ராசிக்கல்.
குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால்
என்பது இதுதான் போலும்.
"எந்த மாதாவுக்கு விரதம், மேடம்?"
சிறுகுடல் மாதாவுக்கு என்று
நுனி நாக்கு வரை வந்தது.

நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில் மாவு.
பிசைந்தால் வெடிக்கிறது,
உருளைக்கிழங்கு சேர்த்தால் சமாதானம் ஆகிறது.
மூன்று பூரி கிழிந்தது.
நான்காவது உப்பியது.
என் வயிற்றைத் தவிர வேறொன்று உப்பி
வெகுநாள் கழித்துப் பார்க்கிறேன்.
வறுத்த கொட்டை வாசனை, ஓரத்தில் மொறுமொறுப்பு,
நடுவில் லேசான கசப்பு.
நின்றபடியே ஏழு தின்றேன்.

மறுநாள் சாமையில் தயிர்சாதம், கடுகு தாளித்து.
மெட்ரோவில் நெய்யில் வறுத்த தாமரை விதை.
சிங்காடா அல்வா, கரண்டியை நக்கும்வரை.
விரதத்தில் எடை கூடியவள்
தில்லியில் நான் ஒருத்திதான்.

ஐந்தாம் நாள் குட்டு தோசை,
வெங்காயம் பூண்டு வதக்கிய சட்னி.
கதவு தட்டப்பட்டது.
மித்லேஷின் மூக்கு முதலில் உள்ளே வந்தது,
பின்னால் அவள்.
தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
குட்டு உடைந்தது.
டாக்டர் காட்டிய படத்தை எடுத்துக் காட்டினேன்,
வேறென்ன செய்ய?
வெகுநேரம் பார்த்தாள்.
"வெங்காயம் இல்லாமல் ஒன்று சுடு" என்றாள்,
ஸ்டூலை இழுத்துப் போட்டு.

அஷ்டமியன்று எல்லார் வீட்டுக்கும் ரவை அல்வா போனது.
எங்கள் வீட்டுக்கு மூடிபோட்ட கிண்ணம்.
"தேங்காய்தான், சூஜி இல்லை.
கரண்டிகூடப் புதுசு."

பத்தாம் நாள் பிரேம்பாலின் கல் கோதுமைக்குத் திரும்பியது.
துப்பட்டாவால் மூக்கைப் பொத்தி
அந்தத் தெருவைக் கடந்தேன்.
ஃப்ரீசரில் ஐந்து கிலோ இருக்கிறது.

சாயங்காலம் பால்கனிக் கம்பியில்
புறாக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன.
அறவாழி சமையலறையில்
இன்னொரு பூரி கேட்டுக்கொண்டிருந்தான்.