திரை இல்லாத ஒன்பது நாள்

ஐந்து ரோட்டில் பாலத்துக்குக் கீழே
ரிஸ்வான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"அக்கா, இது போன் இல்லை" என்றான்.
தெரியும் தம்பி.
போன் என்றால் உன்னிடம் கொடுத்துவிட்டு
பஸ் ஏறியிருப்பேனே.

பின்பக்கம் நான்கு திருகு.
தலையில் ஒற்றைக் கோடு இல்லை, கூட்டல் குறி இல்லை,
மூன்று கால் வைத்த ஏதோ பூச்சி.
இவள் திறக்கக் கூடாது என்று
யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

எப்படி உடைந்தது என்று கேட்காதீர்கள்.
கேட்டால் சொல்லிவிடுவேன்:
ஏற்காட்டு மலைப்பாதை,
பதினாறாவது கொண்டை ஊசி வளைவு,
கைப்பைக்குள் இதற்கும் டிபன் பாக்ஸுக்கும் நடந்த சண்டையில்
டிபன் பாக்ஸ் ஜெயித்தது.

சென்னையிலிருந்து புதுத் திரை வர ஒன்பது நாள்.
படம்தான் செத்திருந்தது,
சத்தம் சாகவில்லை.
பொத்தானை அமுக்கினால் அதே டிங்.
கறுப்புக் கண்ணாடியில் என் முகம்,
நெற்றியிலிருந்து தாடை வரை விரிசல்,
அதற்குப் பின்னால் எங்கேயோ என் ஆள்
ஓடிக்கொண்டிருக்கிறான்.

முதல் நாள் சும்மா தட்டிப் பார்த்தேன்.
பள்ளத்துக்கு இரண்டடி முன்னால்
தண்ணீர் சொட்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.
வௌவால் வருவதற்கு முன்
இசையில் ஒரு தாளம் தப்பும்.
இத்தனை நாளும் இதெல்லாம்
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான்
கண் இருந்தது.

ஆறாம் நாள் ராத்திரி.
தணிகாசலம் ஸ்டீல் பிளாண்டில் நைட் ஷிப்ட்.
இரண்டு வருஷமாகத் தாண்டாத தொங்கு பாலத்தைத்
தாண்டினேன்.
மேளம் கொட்டியது.
அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, தெரியாது.
புல்லில் கால் படுகிற சத்தம்.
காற்று.
வெகுநேரம் நடக்கவிட்டேன், முட்டவே இல்லை.
கீழே, கீழே, வலது, அமுக்கு:
கை மனப்பாடத்தில் சேமித்துவிட்டுப் படுத்தேன்.

திரை வந்தது.
செவ்வாய்ப்பேட்டையில் நான் எடை போடுகிற கொலுசுப் பட்டறையில்
செண்பகவல்லியிடம் சாமணம் இரவல்.
"யாருக்குடி பல் பிடுங்கப் போற?"
பழைய திருப்புளி ஒன்றை அரத்தில் ராவி ராவி
மூன்று காலாக்கினேன்.

மிச்சம் தூசி.
எங்கள் வீடு மாமாங்கம் பக்கம்.
வெள்ளைக்கல் சுரங்கம் எங்களுக்கு மேலேயேதான்
கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிக்கொண்டிருக்கிறது.
காலையில் துடைத்த ஸ்கூட்டி சீட்டில்
மாலையில் பெயர் எழுதலாம்.
அதனால் குளியலறை.
மூன்று வாளி வெந்நீரைக் கொட்டி, கதவைச் சாத்தி,
ஆவி தூசியை இழுத்துக்கொண்டு இறங்கும்வரை
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன்.

பழைய திரையைத் தூக்கினால்
என் தலைமுடி ஒன்று, சுருண்டு.
எப்போது உள்ளே போனது?
அப்புறம் அந்தப் பட்டை, பழுப்பாக, வெங்காயத் தோல் கனம்,
அதற்கு அரிசி அளவில் ஒரு தாழ்ப்பாள்.
மூச்சை நிறுத்தியிருந்த நேரம் பார்த்து
கதவு தட்டல்.
"உள்ளே என்ன பண்றே?"
"ஆபரேஷன்."
கொஞ்சம் யோசித்துவிட்டு
"சரி, வெளியே நிக்கிறேன்" என்றார்.

வெளிச்சம் வந்தது.
புல்வெளி இருந்தது. ஆறு கட்டம் அகலம்.
மூன்று பூ, ஒரு பலகை, அதற்கப்பால் சுவர்.
முட்டாமல் நடந்தேனே, எங்கே?
அவன் நின்ற இடத்திலேயே
ஓட்டம் மட்டும் ஓடியிருக்கிறான் போல.

பாலத்தை அவருக்குக் காட்டலாம் என்று திரும்பிப் போனேன்.
விழுந்தேன்.
நன்றாகத் தெரிந்தது, விழுந்தேன்.
இன்னொரு தடவை.

தோளுக்கு மேலே குனிந்து பார்த்தவர்
வலது ஓரம், வானத்தில் விரல் வைத்தார்.
"இது நட்சத்திரமா?"
"மாமாங்கம்" என்றேன்.
சிரிக்கவில்லை. ஷிப்ட் முடித்து வந்த உடம்பு.
குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு
வெந்நீர் எங்கே என்றார்.