பனி வரப்பு

செய்தித்தாள்காரன் தொலைபேசியில் கேட்டான்:
"புற்றுநோயோடு துணிவாகப் போராடி என்று போடலாமா அம்மா?"
"அவர் யாரோடும் போராடவில்லை," என்றாள் மார்செல்லா அத்தை.
"படுத்திருந்தார். செத்துப்போனார்.
அன்புக் கணவர் என்று போடு.
ஏழு பேருக்கு மாமா என்று போடு.
மிச்சச் சொல்லுக்கெல்லாம் காசு இல்லை."

காசு இருந்தது.

நியூஃபவுண்ட்லாந்தின் வடமேற்குக் கரையில்
இருபத்தாறு குளிர்காலம்
பனி தள்ளும் வண்டி ஓட்டினார் ஹெட்லி மாமா.
இரவு மூன்று மணிக்கு
அந்த மஞ்சள் விளக்கு எங்கள் கூரையில் ஒருமுறை சுழன்று போகும்.
தூக்கத்திலேயே புரண்டு படுப்போம்.
சாலை திறந்துவிட்டது, பள்ளிக்கூடம் உண்டு.
அதற்காக ஏழு பேரும் அவரை வெறுத்தோம்,
ஞாயிற்றுக்கிழமை அவர் பொரித்த மாவு ரொட்டியில்
வெல்லப்பாகு ஊற்றித் தரும் வரை.

சாலையைத் திறந்துகொண்டே போகும் வண்டி
வாசல்களை அடைத்துக்கொண்டே போகும்.
வீட்டுக்கு வீடு இடுப்பளவு வரப்பு,
கல்லாய் இறுகிய அழுக்குப் பனி.
ஊர் திட்டும்.
தன் வாசலிலாவது அலகைத் தூக்கியிருக்கலாம்.
தூக்கியதில்லை.
எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து
தான் போட்ட வரப்பைத் தானே வெட்டிக்கொண்டு
வீட்டுக்குள் நுழைவார்.
அத்தை ஜன்னலில் நின்று சிரிப்பாள்:
"உன் நியாயம் முடிவதற்குள் என் தேநீர் ஆறிப்போச்சு."

கணையம் என்றார்கள், செப்டம்பரில்.
ஒரு வருடமாக முதுகுவலி என்று அவர் சொன்னது அதைத்தான்.
நாலு மணி நேரம் காரோட்டிப் போய்
சொட்டுச் சொட்டாய் இறங்கும் மருந்துக்குக் கீழே உட்கார்ந்து
"சாலையில் உப்புத் தூவுவதும் இதே வேகந்தான்," என்றார்.
மோதிரம் கட்டைவிரலுக்கு மாறியது.
அத்தை கால்சட்டைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தாள்.
ஒருநாள் தைப்பதை நிறுத்திவிட்டாள்.

"பயமா இருக்கு ரோவீனா,
அவளிடம் சொல்லாதே," என்றார் என்னிடம்.
அதே வாரம், அதே சமையலறையில்,
அத்தையும் அதையேதான் சொன்னாள்.
இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தேன்.
இப்போதுதான் உடைக்கிறேன்.

நவம்பர் பதினேழு. தரை இன்னும் கறுப்பாகவே கிடந்தது.
இருபத்தாறு வருடத்தில் அவர் தவறவிட்ட
முதல் முதல்பனி அது.

அது விழுந்த இரவு நான் அத்தை வீட்டில் இருந்தேன்.
மூன்று மணி.
சுவரில் மஞ்சள் சுழன்றது.
அத்தை எழுந்து ஜன்னலுக்குப் போனாள்,
பழக்கத்தில் கையைத் தூக்கினாள்,
கை பாதியில் நின்றது.

வெளியே வண்டி மெதுவானது.
புது ஓட்டுநர் லோர்ன்,
சவப்பெட்டியின் இடதுபுறம் தூக்கியவன்,
எங்கள் வாசலில் அலகை உயர்த்தினான்.
ஊரிலேயே எங்கள் வாசல் மட்டும்
துடைத்துவிட்டதுபோலத் திறந்து கிடந்தது.

எனக்கு அழுகை வந்தது.
அத்தைக்குக் கோபம் வந்தது.

இரவு உடைமேல் மாமாவின் கோட்டு,
ஒரு காலில் அவருடைய பூட்ஸ், ஒரு காலில் தன்னுடையது.
சாலை நடுவில் நின்று வண்டியை மறித்தாள்.
காற்றில் எனக்குப் பாதிதான் கேட்டது:
"...எல்லாருக்கும் போடுவதை எனக்கும் போடு..."
லோர்ன் தொப்பியைக் கழற்றினான்.
என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டான்.
வண்டியைப் பின்னுக்கு எடுத்தான்.
அலகு இறங்குகிற சத்தம்
அறை வரைக்கும், பல் வரைக்கும் வந்தது.

காலை எட்டு மணிக்கு
அவள் கையிலிருந்து மண்வாரியை வாங்கப் போனேன்.
தரவில்லை.
வெட்டினாள். மூச்சு வாங்க நின்றாள்.
அவர் வெட்டிய இடத்திலிருந்துதான் தொடங்கினாள்,
தபால்பெட்டிப் பக்கம்.
ஜன்னலில் நின்று சிரிக்க வேண்டியவள்
இப்போது நான்தானா என்று தெரியாமல்
கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன்.

மேசைமேல் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
ஆறட்டும்.