பீஸ் ரேட்

காய்ச்சல் ஐந்தே நாள்.
அது போய் ஏழு மாசம்.

பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனியில்
தையல் பிரிவு முதல் மாடி, பதினெட்டுப் படி.
ஒன்பதாவதில் நின்று
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிகிறேன்.
ஒரே வாரை எத்தனை நாள்தான் சரிசெய்வது.

ஓவர்லாக்கில் ஒரு ஷிப்ட்டுக்கு
எண்ணூறு தோள் மூட்டினவள்.
இப்போது நானூறு தாண்டினால்
விரல் கணுக்கள் ஒவ்வொன்றும்
தனித்தனியாய் வழக்குப் பேசும்.
எண்ணிக்கையும் நடுவில் நழுவும்:
முந்நூற்றுப் பத்தா, இருபதா?
பண்டலைப் பிரித்து மறுபடி ஒன்றிலிருந்து.

ரத்தம், தைராய்டு, எக்ஸ்ரே,
"எல்லாம் நார்மல்" என்றார் டாக்டர்.
அந்தத் தாளைத்தான் சூப்பர்வைசர்
வாங்கி இரண்டு தரம் படித்தார்.
"அப்பறம் என்னதானுங்க உங்களுக்கு?"

சனிக்கிழமைக் கவரில் பாதி.
பிசிறு வெட்டப் போறீங்களா என்கிறார்கள்,
உட்கார்ந்த வேலை, ஹெல்பர் கூலி.
பீகாரிலிருந்து வந்த சுனைனா
என் மிஷினுக்கு எண்ணெய் விட்டாயிற்று.
பாவம், என் உயரத்துக்கு வைத்த ஸ்டூல்,
பெடலுக்குக் கால் எட்டவில்லை.
இறக்கிக் கொடுத்தேன்.

காலையில் வாசல் கருவிக்கு முகம் காட்டுகிறேன்.
அரை நொடி யோசனை. பச்சை விளக்கு.
'துளசிமணி, டெய்லர்' என்கிறது.
அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.