ஐந்நூற்று எண்பத்தேழாம் துறை

அலமாரியின் கீழ்த்தட்டில்
அரிசிக் குத்துப்போணிக்குப் பக்கத்தில்
ஓடிக்கொண்டிருக்கிறது என் தபாலாபீஸ்.
மூடி கழன்ற பழைய கணினி.
கருப்பந்துறை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மூன்று நாளாக ஒரு கடிதம்
அதன் வரிசையில் நிற்கிறது.
இருபத்தைந்தாம் துறை அடைப்பு.
எல்லா வீட்டுக்கும் அடைத்ததுதான்,
உங்களுக்கென்று இல்லை என்கிறான்
இணைப்புக் கொடுத்த இசக்கிராஜ்.
போனில் அவன் குரலுக்குப் பின்னால்
யாரோ டீ ஆற்றுகிறார்கள்.

"வீட்டு நம்பர்ல இருந்து வார மெயில
வெளிய ஒருத்தனும் வாங்க மாட்டான்க்கா.
நம்பர் தினம் மாறுதுல்லா.
நேத்து அதே நம்பர்ல எவன் இருந்தானோ
என்னத்த அனுப்பித் தொலைச்சானோ.
எங்க சர்வர்ட்ட குடுங்க,
நாங்க கடத்தி விடுதோம்."

எவனோ செய்ததற்கு
என் எண் பட்டியலில்.

பெருமாள்புரத்தில் மாடி வீடு பார்க்கப் போனேன்.
மோட்டார், தொட்டி, துணி காயும் கம்பி
எல்லாம் காட்டிவிட்டு
"இப்ப எங்க இருக்கீங்க?" என்றார்.
மேலப்பாளையம் என்றேன்.
சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி
"மகன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."
பிறகு ஞானதீபம் டீச்சர் பேசினார்களாம்,
நம்ம பிள்ளைதான், எனக்குத் தெரியும் என்று.
அன்று சாயங்காலமே மகனின் முகவரி வந்தது:
ஆதார் நகல், சம்பளச் சீட்டு, அனுப்பவும்.

வரிசையில் நிற்பது அதுதான்.
ஜிமெயிலில் அனுப்பித் தொலையேன் என்கிறாள் தங்கச்சி.
அனுப்பலாம்.

இரவு பதினொன்றே கால்.
கோப்பில் ஒரு வரி சேர்க்கிறேன்.
அவர்கள் வழங்கியின் பெயர், சதுர அடைப்புக்குறிக்குள்,
முக்காற்புள்ளி,
ஐந்நூற்று எண்பத்தேழு.
கடவுச்சொல்லுக்குத் தனிக் கோப்பு,
வேறெவரும் படிக்கக் கூடாதென்று பூட்டு.
முதல் முறை மறுப்பு:
திறந்த வெளியில் பேசாதே, மறையிட்டுக்கொள்.
மறையிட்டேன். மறுப்பு:
நீ யார்?
செய்யதலி பாத்திமா என்று சொன்னேன். மறுப்பு.
கடவுச்சொல்லின் கடைசியில்
கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி
ஒட்டிக்கொண்டிருந்தது.
அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்.

சிந்துபூந்துறை, குறுக்குத்துறை.
எங்கள் ஆற்றில் துறைக்குக் கதவு கிடையாது.
எதில் யார் இறங்கலாம் என்பது மட்டும்
எழுதாமலே தெரிந்திருக்கும்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பதிவேட்டில்
இருநூற்றைம்பது. ஏற்கப்பட்டது.
எனக்கே போட்ட நகலும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.
அதன் தலைப்பை விரித்தேன்.
கைமாறிய இடமெல்லாம்
முத்திரைமேல் முத்திரை.
கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும்.
கடத்தி விட்டவர்கள் மேலே, நீளமான பெயர்களோடு.
ஆக அடியில்
யாரும் அழிக்காமல்
கருப்பந்துறை.

காலையில் இசக்கிராஜ் கூப்பிட்டான்.
"போச்சாக்கா?"
போச்சு என்றேன்.
"பதில் வந்துட்டா?"
குத்துப்போணியில் அரிசி அளந்துகொண்டிருந்தேன்.
நாழி எத்தனை என்பது
மறந்துவிட்டது.